கொள்ளிடம் பாலம் வழியாக மருங்காபுரி

காலையில் கண் விழித்ததும் சிலர் உள்ளங்கையைப் பார்ப்பார்கள், சிலர் பெருமாள் படத்தைப் பார்ப்பார்கள். ரெங்கராஜ் தன் காரின் வயிற்றைப் பார்ப்பார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மெண்டின் பார்க்கிங்கில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒரு சுற்று. முதல் நாள் பார்த்த வாட்ச்மேன் யாரோ அடிபட்டுக் கிடக்கிறார் என்று ஓடிவந்தார். இப்போதெல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைத் தாண்டிப் போய்விடுகிறார்.

அந்தத் திங்கட்கிழமை, வண்டியின் வயிற்றில் செம்மண் சேறு அப்பியிருந்தது.

கார் என்றால் மண் ஒட்டாதா என்று நீங்கள் கேட்கலாம். விஷயமே அதுதான். அந்தக் கார் தார் ரோட்டை விட்டு இறங்கியதே இல்லை. இறங்குவதற்கென்றே வாங்கிய கார் அது. பார்க்கச் சின்னதாக, உத்திர வீதி முனையில் ஒரே ஒடிப்பில் திரும்புகிற மாதிரி இருந்தாலும், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற எஸ்யூவி. கியர் தானாக மாறும். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு. சேறு, மணல், பனி என்று குட்டிக் குட்டிப் படம் போட்டிருக்கும். இமயமலையில் ஸ்பிட்டி பக்கம் குன்சும் கணவாயில் இதே வண்டி ஏறுகிற வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் ரெங்கராஜ் வாங்கினார். வாங்கிய வாரமே ஆபீசில், மச்சினர் வீட்டில், பால் போடுகிறவரிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது: "அடுத்த ஜூன்ல கணவாய். நானும் மைதிலியும். கார்லயே."

அதற்குப் பிறகு மூன்று ஜூன் வந்து போயின. முதல் ஜூனில் டயர் சரியில்லை என்றார். இரண்டாவதில் பிரேக்கில் ஒரு சத்தம் வந்தது, அவர் காதுக்கு மட்டும். மூன்றாவதில் வண்டியில் குறை கிடைக்காததால் இமயமலையில் கண்டுபிடித்தார். அங்கே மண் சரிகிறதாம். ஒவ்வொரு முறையும் மனைவி மைதிலி, வாங்கி வைத்த கம்பளி உடுப்புகளை மடித்துப் பரணில் போட்டுவிட்டு "சரி" என்று மட்டும் சொன்னாள். நடுவில் ஒருமுறை ஒத்திகை பார்க்கலாம் என்று துறையூர் தாண்டிப் பச்சைமலைக்குக் கிளம்பினார்கள். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ரெங்கராஜுக்கு என்ஜின் கருகுகிற வாசனை வந்தது. திரும்பிவிட்டார்கள். மைதிலிக்கு எந்த வாசனையும் வரவில்லை. அவளுக்குச் சளி பிடித்திருக்கும் என்று அவர் முடிவு செய்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சந்தேகப்படுவது ரெங்கராஜுக்குத் தொழில். துவாக்குடியில் ஒரு தனியார் கம்பெனியில் கொதிகலன் குழாய்களின் வெல்டிங்கைச் சோதிக்கிற வேலை. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல வெல்டிங்கைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் யாரும் அவரை மதிப்பதில்லை. "இதோ, இங்க ஒரு கோடு" என்றால்தான் மேனேஜர் எழுந்து வருவார். இருபத்தைந்து வருஷமாக இதைச் செய்த கண், வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் என்ன செய்யும்? கல்யாணப் பந்தியில் அப்பளத்தைக்கூட வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நொறுக்குவார்.

காப்பி குடிக்கும்போது ஆரம்பித்தார்.

"மருங்காபுரியில மழையா?"

"இல்லையே. ஏன்?" என்றாள் மைதிலி.

தில்லை நகரில் டாக்டர் ஷஹனாஸ் நடத்துகிற எலும்பு முறிவு கிளினிக்கில் அவள் பிசியோதெரபிஸ்ட். கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மருங்காபுரியில் இலவச முகாம், கிராமத்து ஜனங்களுக்கு முழங்கால் வலி. வானம் பார்த்த பூமி, வயலில் குனிந்து குனிந்து எல்லாருக்கும் மூட்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தாள். ரெங்கராஜும் நம்பியிருந்தார். முழங்கால் வலியைச் சந்தேகிக்க அவருக்கே மனசு வரவில்லை.

"கார் அடியில சேறு அப்பியிருக்கு."

"அதுவா, அங்க ரோடு போடறாங்க. தண்ணி அடிச்சு வெச்சிருந்தாங்க."

டக்கென்று வந்தது பதில். ரெங்கராஜின் அனுபவத்தில் நல்ல வெல்டிங்கும் நிஜமான பதிலும் கொஞ்சம் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். இவ்வளவு வழவழப்பாக இருந்தால், மேலே தேய்த்துப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவள் குளிக்கப் போனதும் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பலாக்கொட்டை கிடந்தது. கருவேலம் தவிர வேறு எதுவும் சுலபத்தில் முளைக்காத மருங்காபுரியில் பலாவுக்கு என்ன வேலை? பின் சீட்டில் மைதிலியின் வாசனையோடு வேறொரு வாசனையும் இருந்தது: விறகுப் புகை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் திருகு. வாங்கிய நாளிலிருந்து அசையாமல் கோயில் தூண் மாதிரி நின்றிருந்த அந்தத் திருகு, இப்போது சேறு என்ற படத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தது.

ரெங்கராஜ் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெட்டியை வேறு யாரோ திறந்து, தான் கட்டாமல் வைத்திருந்த புது வேட்டியைக் கட்டிக்கொண்டு போய்வந்த மாதிரி இருந்தது.

அன்று லேபில் பிராங்க்ளின் வேறு வந்து சேர்ந்தான். ரெங்கராஜுக்குக் கீழே வேலை பார்க்கிற இளைஞன். கொள்ளிடத்துக்கு வடகரையில் நம்பர் ஒன் டோல்கேட்டில் வீடு.

"சார், நேத்துக் காலைல மேடத்தைப் பாத்தேன். கை காட்டினேன், கவனிக்கல."

"எங்க?"

"எங்க வீட்டுகிட்டதான். மண்ணச்சநல்லூர் ரோட்டுல திரும்பினாங்க. போன வாரமும் பாத்தேன்."

"மருங்காபுரியில கேம்ப்புக்குப் போறா."

பிராங்க்ளின் குழாயைத் துடைப்பதை நிறுத்தினான். "மருங்காபுரி தெக்கால்ல சார் இருக்கு?"

ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் குழப்பமே வராது. தீவு. தெற்கே போக வேண்டுமென்றால் காவிரிப் பாலம், வடக்கே போக வேண்டுமென்றால் கொள்ளிடம் பாலம். மருங்காபுரி மதுரை ரோட்டில், தெற்கே. கொள்ளிடம் பாலம் வழியாக ஒருத்தி மருங்காபுரிக்குப் போகிறாள் என்றால், பூமி உருண்டை என்பதை நிரூபிக்கப் போகிறாள் என்றுதான் அர்த்தம்.

"சமயபுரம் போயிட்டுப் போவாங்களா இருக்கும் சார்," என்றான் பிராங்க்ளின், பாவம், நல்ல எண்ணத்தில்.

"சமயபுரத்துக்கு மண்ணச்சநல்லூர் ரோடு எதுக்குடா?"

அவன் குழாயை இன்னும் அழுத்தித் துடைத்தான்.

அந்த வாரம் முழுக்க ரெங்கராஜ் என்ன நினைத்தார் என்பதை இங்கே எழுதினால் அவருக்கே வெட்கமாக இருக்கும். நினைத்தார், அவ்வளவுதான். கண்ணாடியில் தன் தொப்பையைப் பார்த்தார். சாம்பாரில் உப்பு குறைந்த அன்று, கவனம் வேறெங்கோ இருக்கிறது என்று குறித்துக்கொண்டார். உப்பு சரியாக இருந்த அன்று, ஏன் இவ்வளவு கவனம் என்று யோசித்தார். அவள் போனில் சிரித்துப் பேசினால் சந்தேகம். அவரைப் பார்த்துச் சிரித்தால் அதைவிடச் சந்தேகம். நேரே கேட்டிருக்கலாம். ஆனால் விரிசலைக் குழாயிடமே கேட்டுப் பழக்கமில்லை அவருக்கு. சோதனைதான் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் மைதிலி கடைக்குப் போயிருந்தாள். ரெங்கராஜ் லேபிலிருந்து ஒரு பையில் கொண்டுவந்திருந்ததை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். அடிப்பக்கத்து இரும்புத் தகட்டில் புதிதாக ஒரு நசுங்கல். கல்லில் இடித்த நசுங்கல். அதற்கு மேலே கியர்பாக்ஸ். நசுங்கல் விரிசலாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால், கையில் ஆதாரம் இருக்கும். அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஆதாரம் இருக்கும்.

அவர் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. முதலில் டப்பாவிலிருந்து ரத்தச் சிவப்பான ஒரு சாயத்தை அடிப்பார்கள். அது விரிசலுக்குள் இறங்க நேரம் கொடுத்து, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, வெள்ளையான இன்னொன்றை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளைக்கு மேல் சிவப்புக் கோடு தானாகக் கசிந்து வரும். யாராலும் மறுக்க முடியாது. ரெங்கராஜ் சிவப்பைத் தாராளமாக அடித்தார். தகட்டில், கியர்பாக்ஸில், கை போன இடத்தில் எல்லாம். கோபம் கொஞ்சம் கலந்திருந்ததால் முக்கால் டப்பா காலியானது. துடைக்கலாம் என்று துணியை எடுக்கும்போது, காதுக்குப் பக்கத்தில் தெரிந்த செருப்பு வந்து நின்றது.

"என்னங்க, அடியில என்ன?"

"பூனை," என்றார் ரெங்கராஜ், உள்ளே இருந்தபடியே.

"பூனையா?"

"குட்டி. கத்துற சத்தம் கேட்டுச்சு."

செருப்பு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. "கிடைச்சா கொண்டாங்க. பால் வெக்கறேன்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறியது. பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்த வந்து, பூனையைத் தேடுவதில் சேர்ந்துகொண்டார். சாயம் துடைக்கப்படவில்லை. போகட்டும், ஊறட்டும், நாளைக்கு அவளைக் கையும் களவுமாகப் பிடித்த இடத்திலேயே துடைத்துப் பார்த்துவிடலாம் என்று, துணியையும் வெள்ளை டப்பாவையும் பையிலேயே வைத்துக்கொண்டார்.

ஞாயிறு விடிந்தும் விடியாத நேரத்தில் கார் கிளம்பியது. ரெங்கராஜ் கண்ணை மூடிக் குறட்டை விட்டார். கார் முனை திரும்பியதும் குறட்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார். டோல்கேட்டில் பிராங்க்ளின், சொல்லி வைத்திருந்தபடி, பைக்கோடு நின்றான்.

"இப்பதான் சார் போனாங்க. மேடம் தனியாத்தான் இருந்தாங்க."

"நீ ஏன் அதைச் சொல்ற? நான் கேட்டேனா?"

"கேக்கல சார். மூஞ்சி கேட்டுச்சு."

மண்ணச்சநல்லூர் தாண்டி, துறையூர் தாண்டி, உப்பிலியபுரம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கார் முன்னால் ஒரு புள்ளியாகத் தெரிந்து, பிறகு தெரியாமல் போனது. ஆனால் சோபனபுரத்துக்கு வந்தபோது ரெங்கராஜுக்குப் புரிந்துவிட்டது. அங்கிருந்து ஒரே ஒரு ரோடுதான் மேலே போகிறது. பச்சைமலை. எந்த மலையின் இரண்டாவது வளைவில் அவருக்கு வாசனை வந்ததோ, அதே மலை.

பைக்கின் பின்னால் உட்கார்ந்து மலை ஏறுவதைப் பற்றி அவர் அதிகம் சொல்ல மாட்டார். கண்ணை மூடியிருந்ததால் அவருக்கும் அதிகம் தெரியாது. இரண்டாவது வளைவு எப்போது வந்தது என்று மட்டும் பிராங்க்ளினின் முதுகுக்குத் தெரிந்தது. அவன் சட்டையில் ஒரு பித்தான் போயிற்று.

டாப் செங்காட்டுப்பட்டியில் விறகடுப்பு புகைந்த ஒரு டீக்கடையில் விசாரித்தார்கள்.

"சின்ன கார் அஞ்சு வரும். பொம்பளையாளுங்க," என்றார் கடைக்காரர். "ஞாயித்துக்கெளம தவறாது. எங்க பெரியப்பா மரவள்ளிக் காட்டு வழியா மேல போவாங்க. வர்றப்ப எங்கிட்டதான் பலாச்சுளை திம்பாங்க. நீங்க?"

"தெரிஞ்சவங்க," என்றார் ரெங்கராஜ். இருபத்திரண்டு வருஷக் குடும்ப வாழ்க்கையை அதைவிடச் சரியாக அந்த நிமிஷத்தில் அவரால் சொல்ல முடியவில்லை.

மரவள்ளிக் காட்டுக்குள் பைக் போகவில்லை. நிறுத்திவிட்டு நடந்தார்கள். செம்மண் பாதை, டயர் தடம் முழங்கால் ஆழத்துக்கு உழுது வைத்திருந்தது. ஒரு ஓடை குறுக்கே ஓடியது. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தாண்டி, அந்தக் கரையில் ஒரு வெளுத்த பாறைமேல் கால் வைக்கப்போன ரெங்கராஜ் அப்படியே நின்றார்.

பாறையில் சிவப்புச் சொட்டு. ஒன்று, அப்புறம் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பாதையோடு மேலே போய்க்கொண்டே இருந்தது.

ஒரு வாரமாக அவர் மனசில் ஓடியதெல்லாம் ஒரே நொடியில் கழன்று விழுந்தது. தனியாகப் போனவள். காடு. "பிராங்க்ளின்," என்றார். அவள் யாரோடு வேண்டுமானாலும் பலாச்சுளை தின்னட்டும், கை கால் நன்றாக இருந்தால் போதும் என்று சமயபுரத்தாளிடமும் ரெங்கநாதரிடமும் ஒரே மூச்சில் பேரம் பேசினார்.

பிராங்க்ளின் குனிந்து, ஒரு சொட்டை விரலில் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தான். நிமிர்ந்து ரெங்கராஜைப் பார்த்தான். மறுபடியும் மோந்தான்.

"சார். இது நம்ம லேப் வாசனை."

தண்ணீர் பட்டால் கரைந்து ஒழுகுகிற சாயம் அது. ஓடையைத் தாண்டிய கார், முக்கால் டப்பா சந்தேகத்தையும் சொட்டுச் சொட்டாக மலைப்பாதையில் எழுதிக்கொண்டே போயிருக்கிறது.

"நீங்க கார்ல அடிச்சீங்களா சார்?"

"நட."

மேலே ஒரு வெட்டவெளியில் கார்கள் வரிசையாக நின்றன. அதற்கப்பால் பாதை இல்லை, கல்லும் வேருமாக ஒரு செங்குத்தான ஏற்றம் மட்டும். பெண்கள் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் அவருடைய கார், பானெட் திறந்து, வாயைப் பிளந்துகொண்டு. அதற்கு அடியில் யாரோ வைத்த தட்டில் சிவப்பு சொட்டிக்கொண்டிருந்தது. காருக்குப் பக்கத்தில் மைதிலி, அவர் பார்த்தேயிராத பூட்ஸ் போட்டுக்கொண்டு, முழங்கை வரைக்கும் சேறாக. ரத்தம் எங்கும் இல்லை.

அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. பிறகு, "வந்துட்டீங்களா," என்றாள். "பூனை கிடைச்சுதா?"

தலையில் கட்டிய துணியை இறுக்கிச் செருகிக்கொண்டிருந்த டாக்டர் ஷஹனாஸ்தான் முன்னால் வந்தாள்.

"நல்ல வேளை வந்தீங்க சார். நீங்கதான் வண்டி விஷயத்துல புலின்னு மைதிலி சொல்லியிருக்கா. திருகை எங்க வெக்கணும், டயர்ல காத்து எவ்வளவு குறைக்கணும், எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு."

ரெங்கராஜ் மைதிலியைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோவைப் பார்த்து அவர் சாப்பாட்டு மேஜையில் அளந்ததையெல்லாம் கேட்டு வைத்திருக்கிறாள். கேட்டதோடு இல்லாமல், மலைமேல் அவர் பெயரில் வரவு வைத்திருக்கிறாள்.

"இது என்ன கேம்ப்பு டாக்டர்?" என்றார்.

"சொல்லலையா உங்ககிட்ட?" ஷஹனாஸ் மைதிலியைத் திரும்பிப் பார்த்தாள். "ஜூன்ல ஸ்பிட்டி போறோம் சார். குன்சும் கணவாய் வரைக்கும். நாலு வண்டிதான். இன்னிக்கு இந்த மேட்டை யார் ஏத்தறாங்களோ அவங்க வராங்க. மைதிலிதான் எங்கள்ல நல்லா ஓட்டறது, இன்ஷா அல்லாஹ் அவதான் முன்னாடி போவான்னு நெனச்சிருந்தேன். இப்ப பாருங்க. கியர் ஆயில். அதுவும் சிவப்புதானே. அடியில நசுங்கியிருக்கு, அங்கதான் உடைஞ்சிருக்கணும். இதை வெச்சுக்கிட்டு கணவாய் மேல போய் நின்னா, இழுத்துட்டு வர ஆள் கிடையாது. மூச்சு விடவே காத்து கிடையாது."

"வேற வழி இல்லையா?" என்று கேட்டது மைதிலி.

"உன்னைச் சொல்லலடி. வண்டியைச் சொல்றேன். நான் எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டு வரணும். உனக்குப் பதிலா நசீரா வண்டிய சேத்துக்கறேன். என்ன சொல்ற?"

மைதிலி பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைக் காரின் சக்கரத்தில் தட்டிவிட்டாள்.

"சரி," என்றாள்.

அந்தச் "சரி"யை ரெங்கராஜுக்குத் தெரியும். மூன்று ஜூனில் கேட்டது. அப்போதெல்லாம் அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தார். பிராங்க்ளின் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காத மாதிரி வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அது எவ்வளவு சுலபம் என்று ரெங்கராஜுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்றும் சொல்ல வேண்டாம். வண்டி தோற்றுப்போகும். அவள் வீட்டுக்கு வருவாள். அடுத்த ஜூனில் கணவாய் என்று அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கலாம். யாரும் அவருக்கு முன்னால் அங்கே போய் நிற்க மாட்டார்கள். சந்தேகப்பட்டதுகூட யாருக்கும் தெரியாது, பிராங்க்ளினுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தால்.

"டாக்டர்," என்றார். "அது ஆயில் இல்ல."

"பின்ன?"

"சாயம். நான் அடிச்சது. நேத்து." தட்டைக் காட்டினார். "விரிசல் பாக்கற சாயம். துடைக்காம விட்டுட்டேன். ஓடையில நனைஞ்சு ஒழுகுது."

"எதுக்கு சார் வீட்டு வண்டியில போய்..." என்று கேட்க ஆரம்பித்த ஷஹனாஸ், மைதிலியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பின்னால் யாரோ ஒரு பெண் இருமினாள். சிரிப்பை இருமலாக மாற்றுகிற இருமல்.

ரெங்கராஜ் பையைத் திறந்தார். பெட்ஷீட் கொண்டுவரவில்லை. செம்மண்ணிலேயே மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தார். மெதுவாக, ஒரு மூலை விடாமல் துடைத்தார். தட்டில் சொட்டுவது குறைந்து நின்றது. வெள்ளையை அடித்தார். பிறகு காத்திருந்தார். வேலையில் இதுதான் அவருக்குப் பிடித்த நேரம். இதோ வரும், இதோ வரும் என்று கோட்டுக்காகக் காத்திருப்பது. இன்றைக்கு முதல் தடவையாக, வந்துவிடாதே என்று காத்திருந்தார்.

பக்கத்தில் முழங்கால் மடிந்தது. மைதிலி குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள்.

"என்னைத் தேடித்தான் வந்தீங்களா?"

"ம்."

"யாரோட வந்திருப்பேன்னு?"

அவர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கு," என்றாள் மைதிலி. "வாரத்துல ஆறு நாள் அடுத்தவங்க முழங்காலை மடக்கி நீட்டிட்டு வரேன். ஏழாவது நாள் எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இருக்குன்னு நெனச்சீங்க பாருங்க."

"நீ சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா? டயர்ல ஆரம்பிப்பீங்க. பிரேக் சத்தம் போடும். அப்பறம் மலை சரியும். நீங்க எதைத் தொட்டாலும் ஒரு கோடு கண்டுபிடிப்பீங்க. கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி ஓட்டக் கத்துக்கணும்னு நெனச்சேன்." பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டாள். "மருங்காபுரிக்கு ஒரு தடவை நெஜமாவே போனோம். அதையாவது நம்புங்க."

வெள்ளைக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"எனக்கு ஏத்தத்துல பயம், மைதிலி," என்றார் ரெங்கராஜ், காரின் வயிற்றைப் பார்த்து. மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

"தெரியும். ரெண்டாவது வளைவுலயே தெரியும். உங்க கை ஸ்டியரிங்ல நனைஞ்சிருந்துச்சு. எங்கண்ணன் கேக்கறப்பல்லாம் அவருக்கு லீவு கிடைக்கலன்னு யாரு சொல்லிட்டிருக்கா?"

ஒருவரும் இல்லாத வீட்டில் விளக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போகிற மாதிரி, அவருடைய பெருமையை இத்தனை நாளாக இவள் அணையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் கண்ணைத் துடைத்தார். கையில் சாயம் இருந்தது. வெளியே வந்தபோது முகம் முழுக்கச் சிவப்பு, தலை முழுக்கச் செம்மண், சட்டையில் வெள்ளை. ஏதோ கோயில் திருவிழாவில் பாதியில் எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார். இந்தத் தடவை அந்தப் பெண் இருமவில்லை, நேராகவே சிரித்தாள். பிராங்க்ளினும் சேர்ந்துகொண்டான்.

"விரிசல் இல்ல டாக்டர்," என்றார் ரெங்கராஜ். "நசுங்கல்தான். வண்டி நல்லா இருக்கு."

அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. அது வாயிலிருந்து வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷஹனாஸும் குனிந்து பார்த்தாள். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, தட்டை மறுபடி வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. "சரி, ஏத்து," என்றாள் மைதிலியிடம். "நான் முன்னாடி நடக்கறேன்."

அந்த மாதிரி ஏற்றத்தில் வண்டிக்கு முன்னால் ஒருவர் நடக்க வேண்டும். டிரைவருக்குச் சக்கரத்தின் கீழே இருக்கிற கல் தெரியாது. முன்னால் போகிறவர் வண்டியைப் பார்த்தபடி பின்பக்கமாக ஏறிக்கொண்டே, இடது, வலது, நில், வா என்று கை காட்ட வேண்டும்.

"நீங்க இருங்க டாக்டர்," என்றாள் மைதிலி, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. "இவர் நடக்கட்டும்."

"நானா?"

"ஒவ்வொரு கல்லா சந்தேகப்படணும். உங்களை விட்டா ஆளு ஏது?"

"மைதிலி, பின்பக்கமா ஏறணும்."

"ஆமா. பள்ளத்தைப் பாக்க வேண்டாம். என்னைப் பாருங்க."

திருகு சேற்றுக்குத் திரும்பியது. ரெங்கராஜ் ஏற்றத்தில் கால் வைத்தார், முதுகை மேட்டுக்குக் கொடுத்து, முகத்தை வண்டிக்குக் கொடுத்து. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், அவருடைய கார் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பிரேக் அவர் மனைவியின் காலடியில் இருந்தது. ஒரு வாரமாக அவளைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தார் என்பது இப்போது அவளுக்கும் தெரியும். சந்தேகப்பட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. அவர் இடது கையைக் காட்டினார். வண்டி அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு வேர். நில். நின்றது. குனிந்து வேரை அசைத்துப் பார்த்தார், காலால் மிதித்துப் பார்த்தார், இன்னொரு தடவை அசைத்தார். வா. வந்தது.

பாதி ஏற்றத்தில் ஒரு பெரிய கல் கிடந்தது. அதன்மேல் ஏறியாக வேண்டும். ரெங்கராஜ் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, கல்லைச் சுற்றி வந்தார். உட்கார்ந்தார். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். கீழே பெண்கள் காத்திருந்தார்கள். கார் ஜன்னல் இறங்கியது.

"என்ன, கல்லுல கோடு ஏதும் தெரியுதா?"

"ஜூன்ல," என்றார் ரெங்கராஜ், எழுந்திருக்காமல், "முன்னாடி நடக்க ஆள் இருக்கா?"

"மேல வந்து சொல்றேன்."

"இப்பவே சொல்லக்கூடாதா?"

"நேத்து அடிச்ச சாயம் இன்னும் மூஞ்சியில இருக்கு. முதல்ல அது போகட்டும்."

அவர் எழுந்தார். முழங்கால் லேசாக வலித்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, வண்டியின் இரண்டு முன்சக்கரங்களையும், அவற்றுக்கு மேலே கண்ணாடிக்குள் சேறு பூசிய அந்த முகத்தையும் பார்த்தார்.

"கல்லு நல்லா இருக்கு," என்றார். "வா."